சிறிய பாடசாலையும் பாடங்களின் பயனும்

பாடவிதானம் என்பது பாடங்களின் பெயர்களை நிரல்பட எழுதி வைத்ததோர் அட்டவணை மாத்திரமன்று. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகள் எவற்றை அறிந்தவராய், எவற்றைச் செய்ய வல்லவராய், எத்தகைய மனப்பாங்கு உடையவராய் வளர்தல் வேண்டுமென்று கருதுகின்றதோ, அக்கருத்தின் வடிவமே பாடவிதானமாகும். ஆதலின், ஒரு பாடசாலையில் எப்பாடம் யாது காரணம் பற்றிக் கற்பிக்கப்படுகின்றது என்னும் வினா, ஆண்டின் தொடக்கத்தில் நேரசூசி வகுக்கும்பொழுது மட்டும் எழுந்து மறைதற்குரியதன்று.

பெரிய பாடசாலைகளில் இவ்வினா மறைந்து கிடத்தல் கூடும். அங்கே ஆசிரியர் பலர்; ஆய்வுகூடங்கள் பல; விரும்பிய பாடத்தை விரும்பிய மாணாக்கர் பயில வசதியும் உண்டு. சிறிய பாடசாலையிலோ இவ்வினா நாள்தோறும் வாயிலில் வந்து நிற்கின்றது. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அப்பாடத்தை எவர் எடுப்பது? சங்கீத ஆசிரியர் இல்லாதவிடத்து அப்பாடவேளையை எதற்குக் கொடுப்பது? வரலாற்றுக்குரிய நேரத்தில் ஒரு பகுதியைப் பரீட்சைக் காலத்தில் விஞ்ஞானத்துக்கு ஈதல் தகுமா? இவற்றுக்கு விடை காணும் அதிபர், தாம் உணர்ந்தோ உணராமலோ, ஒவ்வொரு பாடத்தின் பயனைக் குறித்தும் ஒரு தீர்ப்பு வழங்கிவிடுகின்றார்.

இலங்கையிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள், க.பொ.த. உயர்தர விஞ்ஞான வகுப்புகளை உடைய 1ஏபி வகையைச் சேர்ந்தவை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கேயாம். கலை, வர்த்தகம் ஆகிய பிரிவுகளோடு அமைவன 1சி வகைப் பாடசாலைகள்; 11ஆம் தரத்தோடு முடிவன 2ஆம் வகைப் பாடசாலைகள். இருநூறு மாணாக்கர்தாமும் இல்லாத பாடசாலைகள் சில ஆயிரம் உள. எனவே சிறிய பாடசாலையின் பிரச்சினை ஒரு மூலையிற் கிடக்கும் பிரச்சினையன்று. நாட்டுக் கல்வியின் பெரும்பகுதியைத் தொடுவதாகும்.

க.பொ.த. சாதாரண தரத்தில் மாணாக்கர் பொதுவாக ஒன்பது பாடங்களுக்குத் தோற்றிவந்துள்ளனர். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்னும் ஆறும் கட்டாயமானவை; ஏனைய மூன்றும் மூன்று தொகுதிகளிலிருந்து தெரிந்துகொள்ளப்படுவன. புவியியல், குடியியல், வர்த்தகம் போன்றவை ஒரு தொகுதி. இலக்கியமும் அழகியற் கலைகளும் மற்றொன்று. விவசாயம், மனையியல், தகவல் தொழினுட்பம் முதலியன பிறிதொன்று. ஏட்டளவில் இவ்வொழுங்கு குறைகூறத் தக்கதன்று. அறிவு, கலை, தொழில் ஆகிய மூன்றும் இதில் இடம்பெற்றுள்ளன. ஆயின் சிறிய பாடசாலையில் தெரிவு என்பது பெயரளவினதே. மாணாக்கனுக்கு எதில் விருப்பு என்பதன்று, ஆசிரியர் எதற்கு உளர் என்பதே அங்குத் தெரிவைத் தீர்மானிக்கின்றது. அதனினும் பெரிய குறை, பாடங்களின் பயன் பற்றிய எண்ணம் மங்கிப் போனமையாகும்.

பாடங்களின் பயன் பற்றிப் பொதுவாக வழங்கும் கொள்கைகள் இரண்டு. அவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, பாடம் தொழிலுக்குக் கருவி என்னும் கொள்கை. எந்த அறிவு மிகப் பெறுமதியுடையது என்ற வினாவை 1859 இல் எழுப்பிய ஆங்கில அறிஞர் ஹேர்பேட் ஸ்பென்சர், வாழ்க்கைத் தொழிற்பாடுகளை ஐந்தாக வகுத்து, அவை எல்லாவற்றுக்கும் துணையாவது விஞ்ஞானமே என விடை கூறினார். வாழ்க்கைக்கு உதவாத கல்வியை வன்மையாகக் கண்டித்த அவ்வினா பயனுடையதே. ஆயின் அது மக்களிடையே பரவியபொழுது, வாழ்க்கை என்ற சொல்லின் இடத்தை உத்தியோகம் என்ற சொல் பற்றிக்கொண்டது. இதன் விளைவை யாழ்ப்பாணம் ஸ்பென்சருக்கு முன்னரே கண்டுவிட்டது. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்குப் பயின்றவர்களே. அவ்வளவு சிறப்புற்றும் அக்கலாசாலை 1855 இல் மூடப்பட்டது. மாணாக்கர் ஆங்கிலத்தைக் கற்று அரசாங்க உத்தியோகம் நாடிச் செல்கின்றனர். மிசனின் நோக்கம் நிறைவேறவில்லை என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. நிறுவியவர்களின் கருத்து ஒன்று. பயின்றவர்களின் கருத்து வேறொன்று. பாடங்களுக்கு அவற்றுக்கே உரிய பயன் உண்டென்பதை இரு திறத்தாரும் வற்புறுத்தாத இடத்தில், புறத்தேயுள்ள பயனே வென்றது. அந்நிலை இன்றும் மாறிவிடவில்லை. கணிதம் என்றால் உயர்தர வகுப்பிற்கு வேண்டும் சித்தி. ஆங்கிலம் என்றால் வேலை. சமயம் என்றால் எளிதிற் பெறும் புள்ளி. பாடத்தின் பெயரைச் சொன்னவுடன் மாணாக்கர் மனத்தில் எழுவன இவையே.

இரண்டாவது, பாடம் மனத்துக்குப் பயிற்சி என்னும் கொள்கை. கேத்திரகணிதம் பயின்றால் நியாய புத்தி வளரும், செய்யுள் மனனஞ் செய்தால் ஞாபகசக்தி பெருகும் என்பர் இக்கொள்கையினர். உடற்பயிற்சியால் தசை வலுப்பெறுவதுபோல மனமும் எப்பாடத்தாலேனும் வலுப்பெறும் என்பது இதன் அடிப்படை. தோண்டைக், வுட்வேத் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 1901 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வடிப்படையை ஆட்டங்காணச் செய்தது. ஒன்றிற் பெற்ற பயிற்சி, தன்னோடு பொதுக்கூறுகள் உடைய பிறிதொன்றுக்கே பெரிதும் உதவும் என்பது அவர்கள் கண்ட முடிபு. கேத்திரகணிதத் தேற்றங்களை நிறுவ வல்லவர் வீட்டு வழக்கிலும் ஊர் வழக்கிலும் நியாயம் தவறி நடத்தல் அரிதன்று என்பதை அறிய ஆராய்ச்சியும் வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் பாடத்தின் பயன் யாது? ஒவ்வொரு பாடமும் உலகத்தை நோக்கி ஒரு தனி வினாவை எழுப்புகின்றது. அவ்வினாவை எழுப்பவும், அதற்கு விடை தேடும் முறையைக் கையாளவும் மாணாக்கனைப் பழக்குவதே அப்பாடத்தின் பயன். விடைகள் மறக்கப்படலாம், காலத்தால் மாறவும் மாறலாம். வினாவும் முறையும் நிலைபெற்றிருந்தால், பாடம் பயன்பட்டது எனலாம்.

இதனை விளக்கப் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான ஒரு பொருளைக் கொள்ளுதல் நன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. உயிர்களுக்கும் பயிர்களுக்கும் ஆதாரம் கிணறே. அக்கிணற்றை ஒவ்வொரு பாடமும் எவ்வாறு நோக்குகின்றது என்று காண்க.

புவியியல், இக்கிணறு இவ்விடத்தில் ஏன் உளது என்று கேட்கின்றது. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகின்றது என்பது அதன் விடை. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று.

கணிதம், இது இவ்வாறாயின் வேறு யாது ஆதல் வேண்டும் என்று கேட்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனவும் கடல்நீரின் அடர்த்தியை 1.025 எனவும் கொண்டால், இரண்டும் சமநிலையில் நிற்பதற்குக் கடல்மட்டத்தின் மேல் 1 மீற்றர் நன்னீர் இருக்குமிடத்துக் கீழே 40 மீற்றர் நன்னீர் இருத்தல் வேண்டும். ஆகவே மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் உவர்நீர் நாற்பது அடி மேலெழ வேண்டும் என்பது தானே பெறப்படும். எளிய விகித சமன்தான். ஆயினும் வரையறையின்றி நீரிறைத்தல் எத்துணைக் கேடு தரும் என்பதைத் தன் கையாற் கணித்தறிந்த மாணாக்கனுக்கு, அது பிறர் சொல்லிக் கேட்ட புத்திமதி ஆகாது.

விஞ்ஞானம், அது மெய்யாகவே அவ்வாறுதானா என்று கேட்கின்றது. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளும் குகைகளும் மேற்கூறிய கணக்கை மாற்றுதல் கூடும். அளந்து பார்த்தே உண்மை துணிதல் வேண்டும். நீரில் நைத்திரேற்று எவ்வளவு உளது, அது உரத்திலிருந்து வந்ததா, மலகூடக் குழியிலிருந்து வந்ததா, குடிநீருக்கு விதிக்கப்பட்ட லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்ததா என்பன சோதனையால் மட்டுமே விடை காணத்தக்கவை. கணிதத்தின் உறுதி வேறு, விஞ்ஞானத்தின் உறுதி வேறு என்பதை மாணாக்கன் உணர்தற்கு இதனினும் ஏற்றதோர் உதாரணம் காண்டல் அரிது.

வரலாறு, இது எவ்வாறு இந்நிலை எய்தியது, அதனை எவ்வாறு அறிவோம் என்று கேட்கின்றது. கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் காணி உறுதிகளில் எழுதப்பட்டன. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை உடைமை பற்றிய வழக்கங்களைப் பதிந்து வைத்தது. உறுதியில் எழுதப்படாத செய்தியும் ஒன்றுண்டு. அக்கிணற்றில் இன்னார் நீர் அள்ளலாம், இன்னார் அள்ளலாகாது என்று சாதி பற்றி வகுத்த தடையே அது. எழுதப்பட்டதோடு எழுதப்படாததையும் தேடுமாறு பழக்குவதே வரலாற்றுக் கல்வி. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் சம ஆசனம் பற்றி எழுந்த போராட்டத்தையும், 1957 இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தையும் ஆண்டுகளாக மட்டும் மனனஞ் செய்த மாணாக்கன், தன் ஊர்க் கிணற்றையும் தன் வகுப்பறை வாங்கையும் அவற்றோடு பொருத்திப் பாரானாயின், வரலாறு கற்றவன் ஆகான்.

சமயம், இதன் முன் செய்யத்தக்கது யாது என்று கேட்கின்றது. தீர்த்தம் என்று நீரைப் போற்றும் ஒரு சமயத்தைச் சார்ந்தோர், தாகமுற்ற ஒருவருக்கு நீரை மறுத்தது எங்ஙனம் என்னும் வினா சமய வகுப்பில் எழாதாயின், வேறெவ்வகுப்பில் எழும்? 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், சமயத்தை வாழ்வுக்கு நெறியாகவே கொண்டு பாலபாடங்களை இயற்றினார். அவர் காலத்துச் சமூக நோக்கிற் குறை காண்போர் உளர். அக்குறையையும் மறையாது ஆராயும் துணிவே சமயக் கல்வியை உயிருள்ளதாக வைத்திருக்கும்.

தமிழ் மொழி, இதற்குரிய சொல் யாது என்று கேட்கின்றது. துலா, துலாக்கொடி, ஆடுகால், பட்டை என்னும் சொற்கள் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் வழக்கொழிந்து வருகின்றன. சொல் ஒழியுமிடத்து அச்சொல்லால் அறியப்பட்ட வேலைத்திறனும் மறைகின்றது. இலக்கியமோ, நீர் அள்ள வந்து பிறர் வார்க்கும்வரை காத்துநின்ற ஒரு பெண்ணின் உள்ளம் எவ்வாறிருந்தது என்று கேட்கும். சட்டமும் புள்ளிவிவரமும் தாரா விடை அது. ஆங்கிலம், இந்நீரைப் பற்றி உலகின் பிற பகுதியினர் யாது கண்டனர் என்று அறியும் வாயில். சித்திரம் கண்ணையும் சங்கீதம் செவியையும் கூர்மையாக்கும். விவசாயமும் கைப்பணியும், இதனை எவ்வாறு செய்வது என்று கேட்டு, கையால் விடை கூறுவிக்கும். நூற்கல்வியிற் சிறந்த மாணாக்கனும் கயிறு முறுக்கும்போது தன் அறியாமையை உணர்வான்; அவ்வுணர்ச்சியும் கல்வியே.

இவ்வாறு நோக்குமிடத்து, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யமாட்டாது என்பது புலனாகும். கணிதத்தால் நீதியை நிறுவ இயலாது. சமய நூலால் நைத்திரேற்றை அளக்க இயலாது. ஆதலின் ஒரு பாடத்தை நீக்குவதென்பது, ஒரு வகை வினாவைப் பிள்ளையின் வாழ்விலிருந்து நீக்குவதாகும். 2025 ஆம் ஆண்டில் கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதம் நாட்டில் எழுந்தபொழுது, வரலாறு பெறும் இடம் யாது என்பது பெரிதும் பேசப்பட்ட வினாக்களுள் ஒன்றாயிற்று. அவ்விவாதத்திற் பலர் கட்டாயம், விருப்பம் என்னும் சொற்களைப் பற்றியே வாதிட்டனர். கட்டாயமாக இருந்த காலத்தில் அப்பாடம் தன் வினாவோடு கற்பிக்கப்பட்டதா என்று வினாவினோர் சிலரே.

எல்லாப் பாடங்களும் ஒரே கிணற்றைப் பற்றிப் பேசுமாயின், அவற்றை ஒன்றாக இணைத்து ஒரு பாடமாக்கினால் என்ன என்று ஓர் ஆட்சேபம் எழலாம். இதற்கு இந்நாட்டின் அனுபவமே விடை தரும். 1972 இல் வந்த சீர்திருத்தத்தால் வரலாறு, புவியியல், குடியியல் என்பன சமூகக் கல்வி என ஒன்றாக்கப்பட்டன. பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்பவற்றின் இடத்தை ஒன்றிணைந்த விஞ்ஞானம் பெற்றது. சுற்றாடலிலுள்ள தொழில்களை வகுப்பறைக்குக் கொணர்வதற்காகத் தொழில்முன்னிலைப் பாடங்களும் புகுத்தப்பட்டன. கிராமத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே பாடவிதானத்தைப் பயிலவேண்டும் என்ற அச்சீர்திருத்தத்தின் உள்நோக்கம் போற்றத்தக்கது. அதற்கு முன்னர்ச் சிறிய பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞானம் என்பதே இல்லாதிருந்தது. எனினும் சமூகக் கல்வியில் மூன்று பாடங்களின் செய்திகள் சேர்ந்தன. மூன்றின் முறைகளும் சேரவில்லை. சான்றை ஆராயும் வரலாற்று முறையும், நிலத்தை வாசிக்கும் புவியியல் முறையும் பின்தள்ளப்பட்டு, தகவல்களே முன்னின்றன. 1977 இல் ஆட்சி மாறியபின் அச்சீர்திருத்தத்தின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. வரலாறு மீண்டும் தனிப்பாடமானது அதற்கு நெடுங்காலத்தின் பின்னரேயாம். பொருளால் ஒன்றுபடுவது நன்று. வினாக்களைக் கலந்துவிடுவது நன்றன்று.

இனி, சிறிய பாடசாலை யாது செய்தல் தகும் என்பதை ஆராயலாம். பெரிய கல்லூரியின் பாட அட்டவணையைப் பார்த்து அதனைப் போலவே தானும் விளங்க முயல்வது அதற்கு ஏற்றதன்று. வர்த்தகம், முயற்சியாண்மை, குடியியல், புவியியல் என நான்கையும் அரைகுறையாக வைத்திருப்பதினும், புவியியல் ஒன்றையே ஊரின் நிலத்தையும் நீரையும் கொண்டு செவ்வையாகக் கற்பித்தல் மேலானது. ஆயின் வினாக்களின் வகையிற் குறைத்தல் கூடாது. அளந்தறிவது, நிறுவிக் காட்டுவது, சான்று தேடுவது, பிறருள்ளம் உணர்வது, தக்கது துணிவது, கையாற் செய்வது என்னும் வகைகளுள் ஒன்றேனும் முற்றாக இல்லாத பாடசாலையிற் பயிலும் பிள்ளை, ஒரு புலனை இழந்த பிள்ளையை ஒக்கும். பாடங்களின் தொகையைக் குறைக்கலாம், வகையைக் குறைத்தலாகாது.

சிறுமையிலும் ஒரு நன்மை உண்டு. பெரிய கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஆண்டில் ஒரு முறைதானும் ஒரே பொருளைப் பற்றி உரையாடுதல் அரிது. சிறிய பாடசாலையில் ஓராசிரியரே இரண்டையும் கற்பிக்க நேரலாம். அது குறையாகவே எண்ணப்படுகின்றது. எனினும் சுவாமி விபுலானந்தரின் வாழ்வை நோக்குக. அவர் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராகிய அவரே 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் வெளிவந்த அவருடைய யாழ் நூல், பழந்தமிழ் இலக்கியச் சான்றையும் ஒலியின் கணிதத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்வது. இலக்கியத்துக்குரிய வினாவை இலக்கியமாகவும், கணிதத்துக்குரிய வினாவைக் கணிதமாகவும் அவர் கேட்டமையாலேயே இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாயின. ஒவ்வோர் ஆசிரியரும் விபுலானந்தர் ஆதல் இயலாது. ஆயினும் இன்று வரலாறும் நாளை கணிதமும் எடுக்கும் ஆசிரியர், தாம் மாற்றியது பாடநூலை மட்டுமன்று, வினாவையும் என்பதை மாணாக்கருக்கு உணர்த்துதல் இயலும்.

இக்கூற்று, ஆசிரியர் நியமனம் செய்யாது விடும் அதிகாரிகளுக்குச் சாக்காக அமைதல் கூடாது. கணிதச் சித்தி இன்றி உயர்தர வகுப்பிற் சேர்தல் பொதுவாக இயலாதிருக்க, கணித ஆசிரியரே இல்லாத பாடசாலையை நடத்துவது அப்பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதியாகும். 1943 இல் அறிக்கை வெளியிட்ட கன்னங்கரா குழுவின் விதப்புரையின்படி 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபொழுது, கட்டணம் என்னும் தடை நீங்கியது. ஊரின் தூரமும் ஆசிரியர் இன்மையும் ஆகிய தடைகள் எஞ்சி நிற்கின்றன. அண்டைப் பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஓர் ஆய்வுகூடத்தையும் ஒரு சங்கீத ஆசிரியரையும் பொதுவாகப் பயன்படுத்துதல், அரசாங்கம் செய்யத்தவறியதை ஒருவாறு ஈடுசெய்யும்; முற்றாக ஈடுசெய்யமாட்டாது.

பரீட்சை இருக்கும்வரை இவையெல்லாம் நடைபெறுமா எனச் சிலர் ஐயுறுவர். பரீட்சை வினாத்தாள் ஆசிரியரின் கையில் இல்லை. வகுப்பறை அவர் கையில் உள்ளது. வாரத்தில் ஒரு பாடவேளையிலேனும் பாடநூலை மூடிவைத்து, பாடநூலில் இல்லாத ஒரு பொருளைக் காட்டி, இப்பாடம் இதனைப் பற்றி யாது கேட்கும் என்று மாணாக்கரை வினாவுதல் எந்தச் சிறிய பாடசாலையிலும் இயலும். அதற்கு ஆய்வுகூடமோ மண்டபமோ வேண்டுவதில்லை. முற்றத்துக் கிணறு போதும். அவ்வினாவுக்கு மாணாக்கர் விடை தருவாராயின், அப்பாடம் அங்கே கற்பிக்கப்படுகின்றது எனக் கொள்ளலாம். தாராராயின், நேரசூசியில் அதன் பெயர் எத்தனை முறை எழுதப்பட்டிருந்தாலும், அப்பாடம் அப்பாடசாலையில் இல்லை என்றே கொள்ளல் வேண்டும்.